மேட்டடியில் துரை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் கை கால் விளங்க நடமாடிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இருமல் விட்டுவிட்டது, இவருக்கு முன்கோபம் விடவில்லை. உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? அண்ணியும் மகளும் சுகம்தானே?

விஷயத்துக்கு வருகிறேன். நம் துறைமுகத்துக் குதிரைகளுக்குச் சிலை வைக்கப் போகிறார்கள். ராஜா ஏறி உட்கார்ந்த குதிரை இல்லை அண்ணா, மூட்டை இழுத்த குதிரைகளுக்கு! கப்பலில் வந்து இறங்கியதை எல்லாம் மேலே சந்தைக்கு இழுத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்று நகரசபைக்கு இப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. கல்மேட்டின் அடியில், நீங்கள் எல்லாம் வண்டியை வரிசையில் நிறுத்திக் காத்திருப்பீர்களே, அதே இடத்தில் வரப்போகிறது.

சிலைக் குழு என்று நாலு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். கூடவே சிற்பி. பெண்பிள்ளை, முழங்கால் வரை பூட்ஸ், நகக்கண் எல்லாம் களிமண். எனக்குப் பார்த்த உடனே பிடித்துப்போயிற்று. இந்த ஊரில் குதிரைக்கு லாடம் அடித்தவர்களில் இன்னும் சுத்தியல் தூக்கத் தெம்புள்ளவர் இவர் ஒருவர்தானாம். சிலை வெண்கலம், ஆனால் நாலு கால் லாடமும் நிஜ இரும்பாக இருக்க வேண்டும், அதை நீங்கள்தான் அடித்துத் தர வேண்டும் என்று இவரைக் கேட்டார்கள்.

இவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஜன்னல் கம்பி வேணும்னா சொல்லுங்க, இரும்புக் கேட்டு வேணும்னா சொல்லுங்க. லாடம் நம்மால ஆகாது." சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டார். கையில் ஒரு அழுக்கும் இல்லை. வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் டீ டம்ளரைப் பார்க்கிறேன்.

உனக்குத் தெரியாததா அண்ணா. உன் செவலைக் குதிரை மேட்டில் விழுந்த அன்றைக்கு மூடிய கருவிப்பெட்டி, பத்தொன்பது வருஷமாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பெருக்கும்போது துடைப்பம் அதில் இடிக்காத நாள் இல்லை. காலையில் இவர் அடித்த லாடம் மத்தியானம் மேட்டில் தனியாகக் கழன்று கிடந்தது. தன் ஆணி விட்டதால்தான் மச்சானுடைய குதிரை போயிற்று, அந்தக் கோபத்தில்தான் மச்சான் ஊரை விட்டே போய்விட்டார் என்று மனதுக்குள் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்.

நான் உன்னிடம் கேட்பது ஒரே ஒரு வரி. "மாப்பிள்ளை, உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, லாடத்தை அடியுங்கள்" என்று உன் கையால் எழுது. நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். பெண்டாட்டி சொல் எந்தக் காலத்தில் காதில் ஏறியிருக்கிறது? நீ எழுதினால் கேட்பார்.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
தங்கை

*

ஜனவரி 28

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் விட்டதில் சந்தோஷம். இங்கே முட்டி, மழை வருவதை எனக்கு முன்கூட்டியே சொல்கிறது. அண்ணி நன்றாக இருக்கிறாள். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது.

மரக்கிடங்கில் வேலை அதிகம். ஒரு நாளைக்கு நாற்பது லாரி என் எடைமேடையில் ஏறி இறங்குகிறது. போன வாரம் ஒரு டிரைவர், இருபது டன் என்று சீட்டு, ஏற்றிப் பார்த்தால் இருபதரை. "அரை டன்ல என்ன சார் ஆயிரப்போகுது, பாத்து விடுங்க" என்று கெஞ்சினான். நான் விடவில்லை. அரை டன்னையும் இறக்கிவிட்டுத்தான் போனான். இங்கே எனக்குத் "தராசு" என்று பட்டப்பெயர். போகட்டும், கூப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

மகள் மொட்டை மாடியில் தக்காளிச் செடி வைத்திருக்கிறாள். நன்றாகப் பிடித்துக்கொண்டது. தண்ணீர்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது.

சிலை வைப்பது நல்ல காரியம். முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு, பிடரி பறக்க நிற்கிற மாதிரி செய்யச் சொல். அதுதான் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், எல்லோருக்கும் பிடிக்கும்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சௌக்கியம். நீயும் உன் தக்காளியும் சௌக்கியம் என்று தெரிந்துகொண்டேன்.

ஒரு வரி கேட்டேன் அண்ணா. பக்கம் பக்கமாக எடைமேடை வந்தது, மொட்டை மாடி வந்தது, அந்த ஒரு வரியை மட்டும் காணோம். உறையைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கூடப் பார்த்தேன். எப்போது பேச்சு இந்தப் பக்கம் வந்தாலும் நீ மழுப்பிவிட்டு நழுவுகிறாய். சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டும் இப்படித்தான் செய்வாய்.

போகட்டும், நல்ல செய்தி ஒன்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சிற்பியின் கொட்டகையில் கூட்டம். லாடம் அடிக்க மாட்டேன் என்றவர், "சும்மா பாத்துட்டு வரேன்" என்று சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன். குழுத் தலைவர் ஒரு படம் வரைந்து வந்திருந்தார். நீ சொன்ன அதே குதிரை, இரண்டு காலைத் தூக்கிக்கொண்டு. இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயா, வண்டிக்குதிரை இப்படி எழும்புச்சுன்னா அத்தனை மூட்டையும் கடலுக்குப் போயிருக்கும். வண்டிக்காரனுக்கு அன்னிக்கே வேலை போயிருக்கும்."

"அப்ப எந்தக் குதிரையத்தான் வைக்கிறது?" என்று தலைவர் கேட்டார், கொஞ்சம் கடுப்பாகத்தான்.

இவர் யோசிக்கவே இல்லை. "துணைக்குதிரைய வைங்க. துரைய வைங்க."

அவர்களில் இரண்டு பேருக்கு அது என்ன என்றே தெரியவில்லை. அப்புறம் இவர் சொன்னார் பார், நான் வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கல்மேடு செங்குத்து, சுமையோடு ஒற்றைக் குதிரை ஏற முடியாது. அதனால் அடியில் ஒரு துணைக்குதிரை நிற்கும். ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் அதைச் சங்கிலியால் பூட்டுவார்கள், இரண்டும் சேர்ந்து இழுக்கும். உச்சியில் ஒரு ஆள் அதை அவிழ்த்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிடுவார். பிடிக்க ஆள் கிடையாது, கயிறு கிடையாது. அது தன்பாட்டுக்கு ஓரமாக இறங்கி வந்து அடுத்த வண்டிக்கு முன்னால் நிற்கும். ஒரு நாளைக்கு முப்பது தடவை. இறங்கி வருகிற நடையைப் பார்த்துத்தான் அதற்குத் துரை என்று பெயர் வந்தது. "யாரோட வண்டின்னு அது பாத்ததில்ல. எல்லாரோட வண்டியும் அது ஏத்துன வண்டிதான்" என்று முடித்தார்.

சிற்பி அப்போதே களிமண்ணைப் பிசைய ஆரம்பித்துவிட்டாள். வண்டி இல்லாமல், சுமை இல்லாமல், தனியாக மேட்டிலிருந்து இறங்கி வந்து கடைசி அடி வைக்கும் துரை. அதுதான் சிலை என்று முடிவாகிவிட்டது!

வரும் வழியெல்லாம் இவர் சீட்டியடித்தார். இரண்டு வீடு தாண்டும் வரை எனக்கு யார் சீட்டியடிப்பது என்று விளங்கவில்லை. இன்னும் ஒரு படிதான் பாக்கி அண்ணா. அந்த ஒரு வரியை எழுது.

ஆவலோடு,
தங்கை

*

மார்ச் 3

தங்கைக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

துணைக்குதிரையைச் சிலை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இது யாருடைய யோசனையாக இருந்தாலும் சொல்கிறேன். வண்டி இல்லாத வண்டிக்குதிரையை யார் பார்ப்பார்கள்? வழிதவறி வந்த குதிரை என்று நினைப்பார்கள். நூற்றுக்கணக்கான குதிரைகள் வேலை செய்த ஊரில் துரை ஒன்றை மட்டும் தூக்கிப் பிடிப்பது மற்றதற்கெல்லாம் அநியாயம். குழுவிடம் சொல்லி மாற்றச் சொல். இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

அந்த நாள் பேச்சையே திரும்பத் திரும்ப எடுக்கிறாய். எழுத என்ன இருக்கிறது? மழை, கல் வழுக்கியது, லாடம் கழன்றது. விசாரித்தவர்களும் அதைத்தான் எழுதிக்கொண்டார்கள். ஆறிப்போனதைக் கிளற வேண்டாம்.

அண்ணன்

*

மார்ச் 15

அண்ணனுக்கு,

உடம்பு சுகம். மனசு சுகமில்லை.

உன் கடிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டுத் தார்ப்பாய்க் கடைக்குத் தைக்கப் போய்விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். திரும்பி வந்தால் இவர் படித்து முடித்து, மடித்து, உறையில் போட்டு வைத்திருக்கிறார். "சரியாத்தான எழுதியிருக்காரு, லாடம் கழண்டது உண்மைதான" என்றார், அவ்வளவுதான். சீட்டி நின்றுவிட்டது. உனக்கு எங்கே வலிக்கிறது என்று எனக்குத் தெரியாது அண்ணா. ஆனால் இவருக்கு எங்கே வலிக்கும் என்று உனக்குத் தெரியும். தெரிந்தே எழுதியிருக்கிறாய்.

இன்னொன்று. போன செவ்வாய்க்கிழமை சிற்பி ஆள் அனுப்பினாள். களிமண் துரை ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது, ஒரு சந்தேகம். இறங்கி வரும்போது அந்த இழுவைச் சங்கிலிகள் எங்கே இருக்கும், தரையில் இழுபடுமா? இவர் போய்ச் சொன்னார்: இழுபட்டால் குதிரை மிதித்துத் தடுக்கிவிடும். அதனால் உச்சியில் அவிழ்ப்பவர் இரண்டு சங்கிலியையும் மடித்து, கழுத்துப்பட்டையின் பக்கத்துக் கொக்கியில் இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டிவிடுவார். கீழே வந்த பிறகுதான் அடுத்த வண்டிக்காரர் எடுப்பார். சொல்லிக்கொண்டே தன் கையால் களிமண் சங்கிலியைக் கொக்கியில் சுற்றிக் காட்டினாராம். சுற்றியவர் அப்படியே நின்றுவிட்டாராம். சிற்பிதான் பயந்துபோய் நாற்காலி போட்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அன்னிக்கு செவல பக்கத்துல துரை நின்னுச்சே, சங்கிலி கொக்கியில இருந்துச்சா, தரையில கெடந்துச்சா?"

நான் ஓடி வந்தபோது நீ மழையில் செவலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். துரை பக்கத்தில் நின்றது. சங்கிலியை நான் எங்கே பார்த்தேன்? ஆனால் இவருக்குக் கொக்கியில் பார்த்த மாதிரி ஞாபகமாம். துணைக்குத் துரையைப் பூட்டித்தானே ஏறினாய், செவலை விழுந்ததும் நீதான் அதை அவிழ்த்துவிட்டிருப்பாய். குதிரை விழுந்து கிடக்கும்போது யார் நிதானமாக இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டுவார்கள் என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரியும். எழுது.

தங்கை

*

ஏப்ரல் 20

அண்ணா,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. முட்டியா, கோபமா, தபால்காரரா? அண்ணிக்குத் தனியாக ஒரு கார்டு போட்டேன், நீ வேலைக்குப் போய் வருவதாகவும், சாப்பாடுதான் சரியாக இறங்கவில்லை என்றும் எழுதியிருந்தாள்.

சிலைக்கு அச்சு எடுத்துவிட்டார்கள். திறப்பு விழாவுக்குச் சிலையை மூடும் துணி நான்தான் தைக்கிறேன். குதிரைக்குச் சட்டை தைத்த முதல் ஆள் நான்தான் என்று கடையில் கேலி. லாடத்துக்கு வேறு ஆள் தேடுகிறார்கள். இவர் கேட்டுக்கொண்டே சும்மா இருக்கிறார்.

நீ என்ன எழுதினாலும் சரி, எழுது. எழுதாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

தங்கை

*

மே 19

அன்புத் தங்கைக்கு,

ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஏழாவது. நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

சங்கிலி கொக்கியில்தான் இருந்தது. மாப்பிள்ளைக்கு ஞாபகம் சரி. நான் துரையை அவிழ்க்கவில்லை. பூட்டினால்தானே அவிழ்ப்பதற்கு.

அன்று மத்தியானம் நல்ல மழை. எனக்கு முன்னால் வரிசையில் மூன்று வண்டி. அவர்கள் எல்லோரும் டீக்கடைக்குள் சாரலுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். துரை வேறு வண்டியோடு மேலே போயிருந்தது. காலையில்தான் அதே கடையில், "என் செவலைக்குத் துணை எதுக்கு, தனியாவே ஏறும், உங்களுக்கெல்லாம் முன்னாடி நான் சந்தையில நிப்பேன்" என்று சவடால் அடித்திருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மத்தியானம் வரை உறுத்தியது. கதவு சாத்தியிருக்கிறது, யாரும் பார்க்கவில்லை, இவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் மேலே போய்விடலாம் என்று வரிசையை முந்தி வண்டியைத் திருப்பினேன். இவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் ஒன்று இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ நாள் தேடிப் பார்த்திருக்கிறேன்.

செவலை பாதி மேடு வரைக்கும் ஏறிவிட்டது. வளைவில் சுமை பின்னால் இழுத்தது. அது விடவில்லை. கல்லைக் கல்லைப் பிராண்டிக்கொண்டு இழுத்தது. பிறகு பின்னங்கால் வழுக்கி முழு வண்டியும் அதன் மேல் வந்தது. காலைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது, இனி எழுந்திருக்காது என்று.

அப்போதுதான் துரை மேலே இருந்து தன்பாட்டுக்கு இறங்கி வந்தது. எங்களைத் தாண்டிப் போகவில்லை. பக்கத்தில் வந்து நின்றது. சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தபோது இரண்டு குதிரையும் அங்கே இருந்தது. நான் துணை பூட்டித்தான் ஏறினேன் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். உச்சியில் அவிழ்த்துவிட்டவரும், அது கீழே போய் என் வண்டியோடு திரும்பிவிட்டது என்றே மழையில் எண்ணிக்கொண்டார். துறைமுக மேற்பார்வையாளர், "துணை பூட்டியிருந்துச்சுல்ல?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். பிறகு யாரோ லாடத்தை எடுத்துக் காட்டினார்கள், காரணம் கிடைத்துவிட்டது, எழுதிக்கொண்டார்கள். வாய் திறந்து நான் பொய் சொல்லவில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை கருவிப்பெட்டியை மூடியதை வாசலில் நின்று பார்த்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் ஊரைவிட்டு வந்தது கோபத்தில் இல்லை, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல். துரையை அந்த மேட்டடியிலேயே வெண்கலத்தில் நிறுத்தப் போகிறார்கள் என்று நீ எழுதியபோது, உண்மை தெரிந்த ஒரே சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்களே என்று பயந்துவிட்டேன். அதனால்தான் அப்படி எழுதினேன்.

இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம். நீ என்ன முடிவு செய்தாலும் சரி.

அண்ணன்

*

மே 27

உன் கடிதம் வந்தது.

மூன்று நாள் அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு தைத்தேன். ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது. எனக்கு உன் மேல் வந்த ஆத்திரத்தை எழுதினால் காகிதம் போதாது. பத்தொன்பது வருஷம் அண்ணா! கிண்ணென்று இரும்புச் சத்தம் கேட்ட வீட்டில் பத்தொன்பது வருஷம் துடைப்பச் சத்தம் மட்டும்தான். எத்தனை பேர் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து கெஞ்சிவிட்டுத் திரும்பிப் போனார்கள் தெரியுமா?

இப்போதும் என்ன செய்திருக்கிறாய் பார். காட்டுவதும் காட்டாததும் என் விருப்பமாம். அதையும் என் தலையில் கட்டிவிட்டு நீ எடைமேடையில் உட்கார்ந்துகொள்வாய். அன்றைக்குத் தலையை ஆட்டினாய். இன்றைக்கு என் கையை வைத்து ஆட்டப் பார்க்கிறாய்.

நான் செய்ய மாட்டேன். உன் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். நீ எழுத வேண்டியது எனக்கில்லை. உறை மேல் அவர் பெயரைப் போட்டு முகவரி எழுது. தபால்காரர் அவர் கையில் கொடுக்கட்டும். அதுவரை நான் வாய் திறக்க மாட்டேன், உனக்கும் எழுத மாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்

*

ஜூன் 8

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

செவலை விழுந்த அன்று நான் துணை பூட்டவில்லை. வரிசையை முந்தி, சுமையோடு ஒற்றைக் குதிரையாக மேட்டில் ஏற்றினேன். துரை பிறகுதான் இறங்கி வந்தது. கேட்டவர்களிடம் பூட்டியதாகத் தலையை ஆட்டினேன். பழி உங்கள் மேல் விழுந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் குதிரையைக் கொன்றது நான். உங்கள் லாடம் இல்லை.

என் தங்கைக்கு நான் எழுதிய கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன், அதில் மிச்சம் எல்லாம் இருக்கிறது. அதைத் திருப்பி அனுப்பி, உங்களுக்கே எழுது என்று சொன்னது அவள்தான். அவளுக்கு இந்த விஷயம் முன்பே தெரியாது. அவளைக் கோபிக்க வேண்டாம்.

மன்னிப்புக் கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன்.

உங்கள் மச்சான்

*

ஜூலை 14

மச்சானுக்கு,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. என் எழுத்து ஆணி அடித்த மாதிரி இருக்கும் என்று உங்கள் தங்கை சொல்லுவாள், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முட்டி தேவலையா?

உங்கள் கடிதம் வந்து முப்பது நாளுக்கு மேல் ஆகிறது. முதல் வாரம் நீங்கள் எதிரில் வந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. நான் வேலைக்குப் போகும் பட்டறையில் ஒரு கேட்டு முழுக்கக் கோணலாகப் போயிற்று. மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தால் எழுத வரவில்லை. பொய்யாக எழுத விருப்பமில்லை. நாம் இரண்டு பேரும் பார்த்த பொய் போதும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குக் கழன்ற லாடத்தை யாரோ என் கையில் கொடுத்தார்கள். ஒரு துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் போட்டேன். போன ஞாயிறு வரைக்கும் அதைத் திறந்து பார்த்ததில்லை. என் தப்பைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

போன ஞாயிறு பெட்டியை இழுத்துத் திறந்தேன். துணியைப் பிரித்து, வாசலில் வெயிலில் வைத்துப் பார்த்தேன். எட்டு ஆணி மச்சான். எட்டும் லாடத்திலேயே இருக்கிறது. எல்லாம் ஒரே பக்கமாக வளைந்து நிற்கிறது, நுனியில் குளம்பின் சில்லு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆணி தளர்ந்து விட்டிருந்தால் சுத்தமாக உருவிக்கொண்டு வந்திருக்கும். இது விடவில்லை. குளம்பு கிழிகிற வரைக்கும் பிடித்திருக்கிறது. அடித்தவனுக்குப் பார்த்த உடனே தெரிகிற விஷயம். நீங்கள் சொல்லாமல் இருந்தது உங்கள் தப்பு. நான் பத்தொன்பது வருஷம் திறந்து பார்க்காமல் இருந்தது என் தப்பு. அதை உங்கள் கணக்கில் எழுத மாட்டேன்.

வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். உங்கள் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உலைய மூட்டட்டுமா?" என்று கேட்டாள்.

சிற்பியிடம் சொல்லிவிட்டேன். துரைக்கு நாலு லாடமும் நான்தான் அடிக்கிறேன். முதல் இரண்டு அடித்துத் தூக்கிப் போட்டேன், கை மறந்திருந்தது. மூன்றாவது பரவாயில்லை.

உங்கள் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. குறைந்துகொண்டு வருகிறது. அதையும் உள்ளபடி எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

கீழே தங்கை எழுதுவது: உன்னோடு நான் இன்னும் பேசவில்லை. முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாயா என்று மட்டும் அண்ணியை எழுதச் சொல். இங்கே காலை முதல் கிண் கிண்ணென்று ஒரே சத்தம், பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். எனக்குக் கேட்கக் கேட்கப் போதவில்லை.

*

செப்டம்பர் 2

மாப்பிள்ளைக்கும் தங்கைக்கும்,

இருவரும் நலமாக இருக்க என் விருப்பம். தைலம் தேய்க்கிறேன்.

எட்டு ஆணியும் லாடத்திலேயே இருந்தது என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல முடியாது. செவலை கடைசி வரைக்கும் இழுத்தது, உங்கள் ஆணி கடைசி வரைக்கும் பிடித்தது. அன்றைக்குக் கைவிட்டது நான் ஒருவன்தான். அண்ணியிடமும் மகளிடமும் சொல்லிவிட்டேன். மகள் அன்று முழுக்க மொட்டை மாடியில் தக்காளிச் செடியோடு இருந்தாள். மறுநாள், "நீங்க போய்த்தான் ஆகணும்ப்பா" என்று ரயில் சீட்டு எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

அக்டோபர் ஐந்தாம் தேதி திறப்பு விழாவுக்கு வருகிறேன். உங்களுக்குச் சங்கடம் வேண்டாம். பஸ்ஸில் வந்து மேட்டடியில் இறங்கி, துறைமுக வேலி ஓரமாக நின்று பார்த்துவிட்டு, மத்தியான ரயிலில் திரும்பிவிடுகிறேன். வீடு மேட்டு உச்சியில் இருக்கிறது, என் முட்டியோடு அவ்வளவு தூரம் ஏற முடியாது. தங்கையைத் தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்தால் போதும்.

உங்கள் மச்சான்

*

செப்டம்பர் 15

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டியைச் சாக்குச் சொல்ல வேண்டாம். குதிரைக் காலையே பார்த்தவனிடம் கால் வலிக் கதையா?

துரையைப் பீடத்தில் ஏற்றியாகிவிட்டது. லாடத்தை நானே மாட்டினேன், நாலும் சரியாக உட்கார்ந்தது. சங்கிலி கொக்கியில் இரண்டு சுற்று. இப்போது உங்கள் தங்கை தைத்த துணிக்குள் நிற்கிறது. துணியை இழுக்கும் கயிற்றை யார் கையில் கொடுப்பது என்று குழுவில் கேட்டார்கள், மேட்டில் வண்டி ஓட்டியவர் ஒருவர் வெளியூரிலிருந்து வருகிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு நீங்கள் தகுதியா இல்லையா என்று என்னிடம் வாதாட வேண்டாம். உண்மையைச் சொன்ன வண்டிக்காரர் என்று உங்களைத்தான் எனக்குத் தெரியும்.

பஸ் மேட்டடி வரைக்கும்தான் வரும், உங்களுக்குத் தெரியும். வேலி ஓரம் எல்லாம் போக வேண்டாம். இறங்கியதும் துரை பக்கத்தில் நில்லுங்கள். விழா முடிந்ததும் மத்தியானச் சாப்பாடு வீட்டில்தான், உங்கள் தங்கை இன்னும் உங்களோடு பேசவில்லை, ஆனால் உங்களுக்கு அறையை ஒழித்துக் கழுவிவிட்டாள். கட்டிலுக்கு அடியில் இப்போது பெட்டி இல்லை.

அந்த மேட்டில் உங்களால் தனியாக ஏற முடியாது. நான் இறங்கி வருகிறேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறலாம். வருவதற்குக் கொஞ்சம் முன்பின் ஆனாலும், இந்தத் தடவை காத்திருங்கள்.

மாப்பிள்ளை